நாற்பது கிலோ முகம்

ஷிராஸ்: முகம் கிலோ எண்ணூறு ரூபா, ரீச்சர். ஒரு சதம் கூடக் கேட்டா லொறியைத் திருப்பிக்கொண்டு புத்தளம் போயிடுவன்.

சிவதர்சினி: திருப்புங்கோ தம்பி. வாசலில முருங்கை நிக்குது, இடிக்காமத் திருப்புங்கோ.

ஷிராஸ்: பகிடி விடாதேங்கோ...

சிவதர்சினி: பகிடி விடுறது நீங்கள். மன்னார்ச் சந்தையில கட்டாக் கருவாடு கிலோ மூவாயிரம் போகுது. செத்த மீனுக்கு மூவாயிரம், மனிசரின்ர முகத்துக்கு எண்ணூறோ?

ஷிராஸ்: கருவாட்டைச் சனம் தின்னும். இதை ஆர் தின்னப்போறது? நான் வாங்கிறது முகமில்லை ரீச்சர், வெள்ளி. பழைய கறுப்பு வெள்ளை நெகற்றிவ்வைக் காய்ச்சினா அடியில ஒரு பொட்டு வெள்ளி நிக்கும். முகம் புகையாப் போயிடும்.

ஹமீதா: அப்பிடிச் சொல்லாதே தம்பி...

ஷிராஸ்: இவ என்ர ராத்தா ஹமீதா, எனக்கு மூத்தவ. வியாபாரம் தெரியாது. லொறியில காத்து வாங்க வந்தவ.

சிவதர்சினி: இருங்கோ தங்கச்சி. ஐயோ, அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை. படம் எடுக்க வாறவை பயத்தில அசையாம இருப்பினம் எண்டு அப்பா கடைசிவரைக்கும் அதைத் திருத்தேல்லை.

ஹமீதா: ஏரம்பு ஐயா இப்ப...?

சிவதர்சினி: மோசம் போயிட்டார். கண் மூடி ரெண்டு வருசம். அப்பாட பேர் உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

ஹமீதா: அது...

ஷிராஸ்: பேர்ப் போட்டில இருக்கே! ‘ஏரம்பு ஒளிப்பட நூதனசாலையும் பயிற்சிக் கல்லூரியும்’. பேரே ஒரு கிலோ வரும்.

சிவதர்சினி: போட்டைக் கழட்டியாச்சே, தம்பி.

ஷிராஸ்: கழட்டி மதிலோட சாத்திக் கிடக்குது. நான் பழைய இரும்புக்காரன். கழட்டின சாமான்தான் எனக்கு முதலில கண்ணில படும்.

சிவதர்சினி: நல்ல கண். அப்ப வடிவாப் பாருங்கோ. இந்த வீட்டுக்காரற்ற மகன் கனடாவில இருந்து வந்து நிக்கிறான். கரண்டுக் காத்தாடிக் கோபுரம் பூட்ட வாற இஞ்சினியர்மாருக்கு அறை கட்டப்போறானாம். வெள்ளிக்கிழமைக்கு முதல் இடம் வெறுமையா வேணுமாம்.

ஷிராஸ்: இப்ப பிழை விட்டீங்கள், ரீச்சர்.

சிவதர்சினி: என்ன பிழை?

ஷிராஸ்: வெள்ளிக்கிழமையை வாயால சொல்லிப்போட்டீங்கள். வாப்பா சொல்லுவார், தேவையை முகத்தில வைச்சுக்கொண்டு கடைக்குப் போகாதே, கடைக்காரன் அதைத்தான் முதலில நிறுப்பான் எண்டு. எழுநூற்றம்பது.

சிவதர்சினி: ஆயிரம்.

ஷிராஸ்: நான் இறங்கிறன், நீங்கள் ஏறுறீங்கள்!

சிவதர்சினி: ஆயிரம்தான். ஏன் எண்டு கேளுங்கோ. அப்பா நாப்பது வருசம் படம் எடுத்தவர். வருசத்துக்கு ஆயிரம் எண்டாலும் வரோணும். நாளைக்குச் சனம் கேக்கும், ஏரம்பற்ற சீவியம் எவ்வளவுக்குப் போச்சு எண்டு. நாப்பதாயிரம் எண்டு சொல்லலாம். முப்பத்திச் சொச்சம் எண்டு என்ர வாயால சொல்லமாட்டன்.

ஷிராஸ்: அப்ப நாப்பது கிலோ நிக்கோணும்.

சிவதர்சினி: நிக்கும்.

ஷிராஸ்: நிறுத்துப் பாத்தனீங்களோ?

சிவதர்சினி: ...நிக்கும் தம்பி. நீங்கள் போனில சொன்னபடி எல்லாம் துப்பரவு பண்ணி, மூண்டு மூட்டையாக் கட்டி, வாயும் தைச்சாச்சு. கழிவு ஒண்டும் இல்லை.

ஷிராஸ்: கழிவோட எண்டா ஐந்நூறு, துப்பரவா எண்டா எண்ணூறு. அது எங்கட பழைய இரும்பு யாட்டில எந்தச் சாமானுக்கும் சொல்லுற பாட்டு.

சிவதர்சினி: அந்தப் பாட்டுக்கு ஒரு கிழமை ஆடினனான். பொறுங்கோ, தராசு பின்னுக்கு இருக்கு. மீன் வாடியில இரவல் வாங்கினது. எடுத்துக்கொண்டு வாறன்.

ஹமீதா: ...போயிட்டாவா?

ஷிராஸ்: மெதுவா கதை.

ஹமீதா: வாயைத் திறந்து கேளன்ரா. பாத்தும்மா, எருக்கலம்பிட்டி, தொண்ணூறில எடுத்த அடையாள அட்டைப் படம். மூண்டு சொல்லு. அதுக்கு ஏன் இந்த நாடகம்?

ஷிராஸ்: கேட்டா என்ன நடக்கும் தெரியுமா? ‘ஓ... உம்மாவோ’ எண்டு ஒரு இழுவை. பிறகு விலை லட்சத்தில நிக்கும்.

ஹமீதா: சொந்தக்காரர் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போகலாம் எண்டுதானே நோட்டீஸில போட்டிருந்தது. பள்ளிவாசலில ஒட்டினதை நீதானே பிய்ச்சுக்கொண்டு வந்து காட்டினாய்.

ஷிராஸ்: அதாலதான் பயம் பிடிச்சது. விலை சொல்லுறவனை நம்பலாம் ராத்தா. சும்மா தாறன் எண்டுறவன் பிறகு என்ன கேப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்? மூட்டையோட வெள்ளிக்கு எண்டு வாங்கினா, உம்மா தன்ர பாட்டில உள்ளுக்க வந்திடுவா.

ஹமீதா: உம்மாவை நிறுத்து வாங்கப்போறாய்.

ஷிராஸ்: என்னட்ட வேற தராசு இல்லை.

ஹமீதா: ...இந்தக் கதிரையிலதான் இருந்தவ. நானும் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். இருந்த உடன சரிஞ்சுது, சிரிச்சுப்போட்டா. ஐயா சிரிக்காதேங்கோ எண்டவர். அடையாள அட்டைக்குச் சிரிக்கப்படாதாம்.

ஷிராஸ்: நீ பாத்தனீ. எனக்கு என்ன இருக்கு? அகதி முகாமில அவ மௌத்தாகேக்க எனக்கு ரெண்டு வயசு. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சவரம் செய்யிறன். இந்த நெத்தி வாப்பாட. இந்தக் காது வாப்பாட. மிச்சம் ஆரின்ர எண்டு தெரியாமச் செய்யிறன்.

ஹமீதா: மிச்சம் எல்லாம் அவதான். நான் பாத்தா உடன சொல்லுவன். வலது புருவத்தில ஒரு வெட்டு இருக்கும்...

ஷிராஸ்: ச்சூ! வாறா.

சிவதர்சினி: இந்தாங்கோ தராசு. மீன் மணக்குது எண்டு விலையைக் குறைக்கப்படாது.

ஷிராஸ்: ரீச்சர், ஒரு கேள்வி. தொண்ணூறு வரைக்கும் எடுத்த படம் இதில எவ்வளவு இருக்கும்? பழசிலதான் வெள்ளி கூட. கலரில ஒண்டும் இல்லை.

சிவதர்சினி: முக்கால்வாசி பழசுதான். அப்பா மாந்தைப் பக்கத்து வயல்காரர். திருக்கேதீஸ்வரத் திருவிழாவில ஆரோ ஒரு கொழும்பான் படம் எடுக்கிறதைப் பாத்துப்போட்டு வந்து, ரெண்டு உழவு மாட்டையும் வித்து ஒரு கமரா வாங்கினவர். அந்த வருசம் வயல் விதைக்கேல்லை. அப்பப்பா வீட்டுப் படி ஏறவேண்டாம் எண்டிட்டார்.

ஷிராஸ்: நியாயம். கமரா சாணி போடாது.

சிவதர்சினி: ஆனா தலைமன்னார்க் கப்பல் ஓடின காலம் பால் கறந்தது தம்பி! இந்தியா போற சனமெல்லாம் பாஸ்போட் படத்துக்கு இஞ்சதான். கப்பல் நிண்டாப் பிறகு அடையாள அட்டை. இயக்கம் கேக்கும், ஆமி கேக்கும், ஆர் கேட்டாலும் சனம் ஓடிவாறது அப்பாட்ட. பிறகு தொண்ணூறு வந்தது...

ஷிராஸ்: ஓம்... தொண்ணூறு.

சிவதர்சினி: முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் அறிவிச்ச கிழமை, எடுத்துக் குடுக்காத படம் ஒரு பெட்டி கிடந்தது. கனக்க எருக்கலம்பிட்டிச் சனத்தின்ர. அப்பா பெட்டியைச் சைக்கிளில கட்டிக்கொண்டு போனவர், போறதுகள் முகத்தையாவது கொண்டுபோகட்டும் எண்டு. சந்தியில மறிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்.

ஹமீதா: ...வந்தவரோ? எங்கட... அங்க வந்தவரோ?

சிவதர்சினி: சந்தி மட்டும். ஏன் தங்கச்சி, கண் கலங்குது?

ஷிராஸ்: தூசி. பழைய இடம்தானே. பிறகு, ரீச்சர்?

சிவதர்சினி: பிறகு நாங்களும் ஓடினதுதான், மடுப் பக்கம். உழவு மெசினில நெல் மூட்டை ஏத்தியிருந்தது. அப்பா மூட்டையை இறக்கிப்போட்டு இந்தப் பெட்டியளை ஏத்தினவர். அம்மா அதுக்குப் பிறகு அவரோட கதைச்சது குறைவு. பசி வந்த நேரமெல்லாம் ‘போய் நெகற்றிவ்வைக் கழுவிக் குடியுங்கோ’ எண்டு மட்டும் சொல்லுவா.

ஷிராஸ்: படம் எல்லாம் தப்பினதோ?

சிவதர்சினி: கடதாசிப் படத்தைக் கறையான் திண்டிட்டுது. நெகற்றிவ் தப்பினது. ஒவ்வொண்டுக்கும் ஒரு உறை. உறையில பேர், ஊர், திகதி, அப்பாட கையெழுத்தில. சண்டை முடிஞ்சு திரும்பி வந்தாப் பிறகு அந்தக் குடுக்காத பெட்டியை வைச்சுத்தான் இந்த நூதனசாலையே தொடங்கினது. ‘சொந்தக்காரர் வந்தா சும்மா குடு, ஒரு சதம் வாங்காதே’ எண்டது அப்பாட சட்டம்.

ஹமீதா: கேட்டியா தம்பி? சும்மாவாம்.

ஷிராஸ்: கேட்டது, கேட்டது... பேரும் ஊரும் எழுதியிருந்தா தேடுறது லேசு என்ன, ரீச்சர்? சும்மா கேக்கிறன்.

சிவதர்சினி: கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முதல் ரெண்டு வருசம் வந்திச்சினம். ஒரு கிழவன் வந்து, தன்ர மனிசிட முகத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துப்போட்டு, ‘இவ என்ன, கறுப்பா இருக்கிறா’ எண்டு எங்களோட சண்டை. நெகற்றிவ்வில வெள்ளை கறுப்பாத்தான் தெரியும் எண்டு விளங்கப்படுத்தவே பின்னேரமாப் போச்சு.

ஷிராஸ்: பிறகு?

சிவதர்சினி: பிறகு ஒருத்தரும் இல்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக் கடிதம் போட்டனான், இதைப் பொறுப்பெடுங்கோ எண்டு. ஒண்டில இடமில்லை, மற்றதில ஆளில்லை. கடைசியா இந்த மாசம் பள்ளியில, கோயிலில, சேர்ச்சில எல்லாம் நோட்டீஸ் ஒட்டினனான். புத்தளத்துக்கும் குடுத்துவிட்டனான். வாசலில கதிரையைப் போட்டுக் காத்துக்கொண்டு இருந்தன். ஒரு முகத்தை எண்டாலும் ஆரும் கேட்டு வரேல்லை. வந்தது நீங்கள் ஒரு ஆள்தான், கிலோக் கணக்கில.

ஷிராஸ்: ...போட்டில இருந்த பயிற்சிக் கல்லூரி? அதுவும் நடந்ததுதானே?

சிவதர்சினி: நல்லா நடந்தது. பிறகு கலியாண வீட்டுக்கே பறக்கிற கமரா வந்திட்டுது. கடைசி வகுப்புக்கு ஒரு ஆள் வந்தவன், இஞ்ச வைபை இருந்தபடியால. அவனுக்கும் முதல் பாடம் சொல்லிக் குடுத்தனான்.

ஷிராஸ்: அது என்ன முதல் பாடம்?

சிவதர்சினி: நெகற்றிவ்வை ஈரத்தோட அடுக்காதே. பிலிமில முகம் நிக்கிறது மெல்லிய பசையில. ஈரத்தில அடுக்கினா முகத்தோட முகம் ஒட்டி, ஊர்ச்சனம் முழுக்க ஒரே ஆளாப் போயிடும். அப்பா வாற எல்லாப் பிள்ளையளுக்கும் அதைத்தான் முதலில...

ஷிராஸ்: ரீச்சர்?

சிவதர்சினி: ஒண்டுமில்லை. நேரம் போகுது, நிறுங்கோ.

ஷிராஸ்: ம்... முதல் மூட்டை... இது என்ன, குளிருது?

சிவதர்சினி: சீமெந்து நிலத்தில கிடந்தது.

ஷிராஸ்: அடிப்பக்கம் கொஞ்சம் ஈரமாயும்...

சிவதர்சினி: இது மன்னார், தம்பி. கடற்காத்து.

ஷிராஸ்: ஓம் ஓம், கடற்காத்து. இரும்புக்கு மண், பஞ்சுக்குத் தண்ணி, கருவாட்டுக்கு உப்பு. எல்லா மூட்டைக்கும் ஒரு காத்து அடிக்கும். ராத்தா, நீ அந்த முனையைப் பிடி... பதின்மூண்டரை. இது... பதின்மூண்டு. கடைசி... பதின்மூண்டரை. அட! சொல்லி வைச்சமாதிரி நாப்பது.

சிவதர்சினி: நான் சொன்னனான்தானே.

ஷிராஸ்: மூட்டையளே உங்கட சொல்லுக் கேக்குது. கையை நீட்டுங்கோ. நாப்பதாயிரம். எண்ணிப் பாருங்கோ.

சிவதர்சினி: என்ன தம்பி, ஈரத்துக்குக் கழிக்கேல்லையோ? சண்டை பிடிப்பீங்கள் எண்டு நினைச்சன்.

ஷிராஸ்: உங்கட அப்பாவுக்காக விட்டது எண்டு வையுங்கோ.

சிவதர்சினி: வியாபாரி ஈரத்தைக் கண்டும் விட்டா, அதில ஏதோ இருக்கு. என்னெண்டு சொல்லுங்கோ.

ஹமீதா: காசு குடுத்தாச்சு தம்பி. பொருள் எங்கட. இனியும் என்ன பயம்? நீ கேக்காட்டி நான் கேக்கிறன். தங்கச்சி... இல்லை, அக்கா, அந்தக் குடுக்காத பெட்டி எந்த மூட்டையில இருக்கு?

சிவதர்சினி: ஏன்?

ஹமீதா: எங்கட உம்மா அதுக்குள்ள இருக்கிறா. பாத்தும்மா. நாங்கள் புத்தளம் இல்லை. எருக்கலம்பிட்டி. போகச் சொன்ன கிழமைக்கு முதல் கிழமை இந்தக் கதிரையில இருந்து எடுத்த படம்.

சிவதர்சினி: ...என்ன சொல்லுறீங்கள்?

ஷிராஸ்: ஓம், ரீச்சர். வெள்ளி எண்டது சும்மா. அதுக்காகக் காசு குறைச்சுத் தரேல்லை, சரியான விலைதான் தந்தனான். ஒரே ஒரு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இஞ்சயே விட்டிட்டுப் போறன். காசும் உங்களுக்கு, மூட்டையும் உங்களுக்கு. பேரும் ஊரும் இருக்கு எண்டனீங்கள்தானே, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் எண்டு...

சிவதர்சினி: உறையோ?

ஷிராஸ்: ஓம், உறை.

சிவதர்சினி: கழிவு வேண்டாம் எண்டனீங்களே தம்பி.

ஷிராஸ்: கழிவு எண்டது...

சிவதர்சினி: கடதாசிக்குக் காசில்லை, துப்பரவாத் தாங்கோ எண்டு நீங்கள் போனில சொன்னனீங்கள். ஒரு கிழமை இருந்து ஒவ்வொண்டாக் கழட்டினனான். கழட்டேக்க ஒவ்வொரு பேரையும் ஒருக்கா வாசிச்சனான், ஆராவது கடைசியா ஒருக்கா வாசிக்கட்டும் எண்டு. பாத்தும்மா எண்டு எத்தினை பேர்... பிறகு கிணத்தடியில போட்டு எரிச்சாச்சு.

ஷிராஸ்: எரிச்சாச்சா?

சிவதர்சினி: அண்டைக்கு போனில ‘உம்மா’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, உறையோட பஸ்ஸில குடுத்துவிட்டிருப்பனே!

ஷிராஸ்: அது எங்கட யாட்டில... பித்தளைக்கும் சொல்லுறது, போத்தலுக்கும் சொல்லுறது... வாய்ப்பழக்கம் ரீச்சர்... வாய்ப்பழக்கத்தில உம்மாட பேரைக் கழிச்சுப்போட்டன்.

ஹமீதா: அழாதே. தம்பி, இஞ்ச பார். பேர் போனாப் போகட்டும், முகம் இருக்குத்தானே? எனக்கு அவவைத் தெரியும். கறுப்பு வெள்ளையாக் கிடந்தா என்ன, தலைகீழாக் கிடந்தா என்ன. மூட்டையைப் பிரி. இந்த நிலத்தில எல்லாத்தையும் விரிச்சு ஒவ்வொண்டாப் பாப்பன்.

ஷிராஸ்: எத்தினை ஆயிரம் முகம் ராத்தா!

ஹமீதா: வெள்ளிக்கிழமை மட்டும் நேரம் இருக்கு. புருவத்தில வெட்டு, வாயில அடக்கின சிரிப்பு. என்ர உம்மாவை எனக்குத் தெரியாமப் போகுமா? கத்தியை எடு. தையலை அறு.

சிவதர்சினி: அறுக்காதேங்கோ.

ஹமீதா: ஏன்? உங்களுக்கு வேண்டாம் எண்டா நாங்கள் லொறிக்குள்ள வைச்சுப் பாக்கிறம்.

சிவதர்சினி: வேண்டாம் தங்கச்சி... ஹமீதா, அந்த மூட்டையில கை வைக்காதேங்கோ.

ஷிராஸ்: ரீச்சர், காசு காணாதோ? சொல்லுங்கோ. இன்னும் எவ்வளவு? இந்த முறை நான் பேரம் பேசமாட்டன். நீங்கள் சொல்லுறதுதான் விலை.

சிவதர்சினி: இந்தாங்கோ உங்கட காசு, பிடியுங்கோ. கணக்கை நான் சொல்லுறன். கடதாசியைக் கழட்டிப்போட்டு நிறுத்துப் பாத்தன், முப்பத்திநாலுதான் நிண்டது. அப்பாட நாப்பது வருசத்துக்கு ஆறு கிலோ குறையுது. எப்பிடியும் உருக்கிற சாமான்தானே எண்டு நேற்று விடிய மூண்டு மூட்டையையும் கிணத்துத் தண்ணியில ஊறப்போட்டு, வெளி ஈரம் தெரியாம இருக்கப் பின்னேரம் மட்டும் வெயிலில வைச்சு எடுத்தனான். நீங்கள் கழிச்சது பேர். நான் கூட்டினது தண்ணி, ஆறு கிலோ. நிறை சரி, நாப்பது. முகம்... எல்லாமாச் சேர்ந்து இப்ப ஒண்டு.